பதக்கத்தின் விளிம்பில் «டபிள்யூ.ஆர்.» என்ற எழுத்துகள்: பிரான்சில் ராணுவ ரயில் ஓட்டியவர்களின் பதிவுகள் எங்கே உள்ளன?

பொன்மலை ஓய்வாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீராவி எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, சரக்கு ரயில் டிரைவராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாக வசிக்கும் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றிவைத்திருந்த இரண்டு பதக்கங்களை எடுத்துவந்து என்னிடம் காட்டினார்கள். ஒன்று வெள்ளி, அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்திருக்கிறது. மற்றது வெண்கலம்; அதில் சிறகு விரித்து நிற்கும் பெண்ணுருவம். இரண்டின் விளிம்பிலும் மிகச் சிறிய எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. புளி போட்டுத் துலக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தோம். «டபிள்யூ.ஆர்.» என்று தொடங்கும் ஆறு இலக்க எண், அடுத்து «எஸ்.பி.ஆர்.», பிறகு அவர்களுடைய பாட்டனாரின் பெயர், கடைசியில் «ஆர்.இ.» என்று இருந்தது.

அவர் இங்கிலாந்தில் ஒரு லோகோ ஷெட்டில் (எஞ்சின் கொட்டகையில்) வேலை பார்த்தவர் என்றும், முதல் உலகப் போரில் பிரான்சில் ரயில் ஓட்டினார் என்றும், போர் முடிந்த சில ஆண்டுகளில் தென்னிந்திய ரயில்வேயில் சேர்ந்து இங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டார் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். ஒரு புகைப்படமும் இருக்கிறது. அதில் ராணுவச் சீருடை அணிந்த நான்கு பேர் ஒரு நீராவி எஞ்சினின் முன் நிற்கிறார்கள், எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் கொண்டுசெல்லும் டெண்டரில் «ஆர்.ஓ.டி.» என்று மூன்று பெரிய எழுத்துகள் எழுதப்பட்டுள்ளன.

நம் துறையில் ஒரு ஊழியர் எடுத்த விடுப்பு, பெற்ற ஊதிய உயர்வு, வாங்கிய தண்டனை எல்லாமே பணிப்பதிவேட்டில் ஏறிவிடும். அதுபோல இவருக்கும் ராணுவத்தில் ஒரு பதிவேடு இருந்திருக்குமல்லவா? அது இன்னும் இருக்கிறதா, இருந்தால் எங்கே கிடைக்கும்? அந்த எழுத்துகளின் பொருளையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். அந்தக் குடும்பத்தின் மூத்த அம்மையாருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. தம் தந்தையார் போரில் உண்மையில் என்ன செய்தார் என்பதை அவர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

---

ஆவணத் தேடல் எழுதியது:

ஐயா, பதக்கங்களைத் துலக்க விடாமல் தடுத்தது மிகவும் நல்லது. அந்த விளிம்பு எழுத்துகள்தான் உங்கள் தேடலுக்கு முதல் ஆதாரம்.

«ஆர்.இ.» என்பது ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவு. «எஸ்.பி.ஆர்.» என்பது சாப்பர், அதாவது அந்தப் பிரிவின் சாதாரணச் சிப்பாய். «டபிள்யூ.ஆர்.» என்பது வாட்டர்வேஸ் அண்டு ரயில்வேஸ் என்பதன் சுருக்கம். ராயல் எஞ்சினியர்ஸில் நீர்வழிப் போக்குவரத்தையும் ரயில்வேயையும் பார்த்த வீரர்களுக்கு 1918ஆம் ஆண்டில் இந்த முன்னெழுத்துடன் புதிய எண்கள் கொடுத்தார்கள். அதற்கு முன்பே சேர்ந்தவராக இருந்தால் அவருக்கு வேறொரு பழைய எண்ணும் இருந்திருக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பதக்கங்கள் இரண்டே என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. 1915ஆம் ஆண்டு முடிவதற்குள் போர்க்களத்தில் கால் வைத்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு நட்சத்திரப் பதக்கமும் உண்டு. அது தொலைந்துபோகவில்லை என்றால், உங்கள் அண்டை வீட்டுப் பாட்டனார் 1916 அல்லது அதற்குப் பிறகுதான் கடல் கடந்திருக்கிறார்.

டெண்டரில் இருக்கும் மூன்று எழுத்துகளுக்கு ரயில்வே ஆப்பரேட்டிங் டிவிஷன் என்று பொருள். போர் தொடங்கியபோது, பிரான்சில் இருக்கும் பிரிட்டிஷ் படைக்கு வேண்டிய ரயில்களைப் பிரெஞ்சு ரயில்வே ஊழியர்களே ஓட்டிக்கொடுப்பது என்றுதான் ஏற்பாடு. ஆனால் போர் நீண்டுகொண்டே போக, பிரெஞ்சுக்காரர்களிடம் ஆளும் எஞ்சினும் வேகனும் போதவில்லை. அதனால் 1915இல் இந்தப் பிரிவு உருவாக்கப்பட்டது. மிட்லண்ட் ரயில்வேயின் பொதுக் கண்காணிப்பாளராக இருந்த செசில் பேஜட் இதற்குத் தலைமை ஏற்றார். பிரான்சின் ஹேஸ்ப்ரூக்கிலிருந்து பெல்ஜியத்தின் ஈப்பர் செல்லும் பாதைதான் இவர்கள் கைக்கு முதலில் வந்தது. டிரைவர், ஃபயர்மேன், கார்டு, பாயிண்ட்ஸ்மேன், ஃபிட்டர் என்று இங்கிலாந்தின் ரயில்வே நிறுவனங்களில் ஏற்கெனவே தொழில் கற்றிருந்தவர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். எனவே, «ரயில் ஓட்டியவர் எப்படிப் போர்வீரர் ஆவார்» என்று யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்: அவர்கள் முழுமையாக ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வீரர்கள், ஆயுதப் பயிற்சியும் பெற்றவர்கள்.

1916இல் பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியில் பெரும் போர் நடந்தபோது துறைமுகங்களில் பண்டங்கள் மலைபோலக் குவிந்தன. முன்னணிக்குக் குண்டுகள் போய்ச் சேரவில்லை. நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயில் உயர்பதவியில் இருந்த எரிக் கெடிஸை அழைத்துப் போக்குவரத்துத் தலைமை இயக்குநராக நியமித்தார்கள். அதன் பிறகே ஆட்களும் எஞ்சின்களும் பெருமளவில் கடல் கடந்தன. ஜான் ராபின்சன் கிரேட் சென்ட்ரல் ரயில்வேக்காக வடிவமைத்த சரக்கு எஞ்சினையே ராணுவம் தேர்ந்தெடுத்து, 521 எஞ்சின்களைக் கட்டச் செய்தது. முன்புறம் இரண்டு சிறு சக்கரங்கள், அதன் பின் எட்டு ஓட்டுசக்கரங்கள். புகைப்படத்தில் சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். இதுவாகவே இருக்க வாய்ப்பு உண்டு. நிலையத்திலிருந்து பீரங்கிகள் நிற்கும் இடம் வரை 60 சென்டிமீட்டர் அகலத்தில் தனியாகச் சிறு தண்டவாளங்களும் போட்டார்கள். அங்கே ஒரு குறிப்பிட்ட தூரம் வரைதான் நீராவி எஞ்சின் போகும். பகலில் புகையும் இரவில் எஞ்சின் உலையின் வெளிச்சமும் எதிரிக்கு இலக்கைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதற்கு மேல் சிறிய பெட்ரோல் டிராக்டர்கள் வேகன்களை இழுத்துச் சென்றன. விளக்கில்லாமல், குண்டு விழுந்த குழிகளுக்கு நடுவே, தண்டவாளம் முன்னால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஓட்டிய இரவுகள் அவை. ஃபயர்மேனாக இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி பதிவுகள். இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக் கோப்புகள் லண்டனில் ஆர்ன்சைட் தெருவில் இருந்த போர்த்துறைக் கிடங்கில் வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டில் அந்தக் கிடங்கு தீப்பிடித்தது. சுமார் 60 விழுக்காடு கோப்புகள் அழிந்துபோயின. எஞ்சியவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர்த்துறை) 363 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றை «எரிந்த ஆவணங்கள்» என்றே அழைக்கிறார்கள். ஓரம் கருகி, தீயணைத்த தண்ணீர் ஊறி மை பரவி, சில தாள்களில் பெயர் தப்பித் தேதி போயிருக்கும். சிலவற்றில் தேதி நன்றாகத் தெரியும், யாருடையது என்பது கரிந்திருக்கும். படமெடுத்த பிரதியில் அந்தக் கருப்பு விளிம்பைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கும்.

ஆனாலும் கோப்பு எரிந்துவிட்டது என்பதற்காக மனிதரே மறைந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். ஓய்வூதியம் தொடர்பாக வேறிடத்தில் இருந்த கோப்புகள் டபிள்யூ.ஓ. 364 என்ற வரிசையில் தப்பியுள்ளன. ஏறத்தாழ எல்லா வீரர்களுக்கும் பதக்க அட்டவணை அட்டை உண்டு, அது டபிள்யூ.ஓ. 372. உள்ளங்கை அளவுள்ள அந்த அட்டையில் பெயர், பிரிவு, பதவி, எண், பதக்கம் ஆகியவை மட்டும் இருக்கும். எந்தக் கம்பெனி, அதாவது படையின் எந்தச் சிறு பிரிவு, என்பது பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒருவருக்கு இரண்டு எண்கள் இருந்திருந்தால் இரண்டும் அதில் பதிவாகியிருக்கும். அந்தப் பழைய எண்ணைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். காயமோ நோயோ காரணமாக ஓய்வூதியம் கோரியிருந்தால், அழிக்கப்பட இருந்த நிலையில் வெஸ்டர்ன் ஃபிரண்ட் அசோசியேஷன் என்ற அமைப்பு காப்பாற்றிய ஓய்வூதிய அட்டைகளிலும் பெயர் இருக்கக்கூடும்.

---

தண்டவாளத் தோழி எழுதியது:

மேலே எழுதிய ஐயா ராணுவத்தின் காகிதங்களைச் சொல்லிவிட்டார். நான் ரயில்வேயின் காகிதங்களைச் சொல்கிறேன். இந்த வீரர்கள் விஷயத்தில் அவைதான் அதிகம் பேசுகின்றன என்பது என் அனுபவம்.

இவர்கள் படையில் சேர்வதற்கு முன்பும் ரயில்வேக்காரர்கள், பின்பும் ரயில்வேக்காரர்கள். பிரிட்டனில் 1,84,000க்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்கள் போருக்குச் சென்றார்கள். அவர்களுடைய வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதால், யார் போனார், எப்போது போனார், எப்போது திரும்பினார் என்று நிறுவனங்கள் குறித்து வைத்தன. அந்தப் பணியாளர் பதிவேடுகள் கியூ காப்பகத்தில் «ரயில்» என்ற தலைப்பெழுத்துடைய வரிசைகளில் இருக்கின்றன. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவில் எஞ்சவில்லை. ஆனால் லோகோ பிரிவில் ஒருவர் எந்த ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தார், எந்த ஆண்டு ஃபயர்மேன் ஆனார், எப்போது கண்பார்வைச் சோதனையில் தேறினார் என்பதுவரை சில பதிவேடுகளில் காணலாம். சந்தா செலுத்தும் வம்சாவளி இணையதளங்களிலும் இவற்றில் பல ஏற்றப்பட்டுள்ளன.

நிறுவனங்களின் ஊழியர் இதழ்களை விட்டுவிட வேண்டாம். கிரேட் வெஸ்டர்ன், நார்த் ஈஸ்டர்ன், கிரேட் ஈஸ்டர்ன் போன்ற நிறுவனங்கள் மாத இதழ் நடத்தின. போர்க்காலத்தில் அவற்றின் பக்கங்கள் படைக்குப் போனவர்களின் பெயர்களாலும் படங்களாலும் அவர்கள் அனுப்பிய கடிதங்களாலும் நிறைந்திருந்தன. தணிக்கைக்குப் பயந்து ஊர்ப் பெயரை எழுதமாட்டார்கள். எஞ்சினைப் பற்றி மட்டும் பத்தி பத்தியாக எழுதுவார்கள். அவர் தொழிற்சங்க உறுப்பினராக இருந்திருந்தால், தேசிய ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் பழைய ஆவணங்கள் வாரிக் பல்கலைக்கழகத்தின் மாடர்ன் ரெக்கார்ட்ஸ் சென்டரில் உள்ளன.

அவர் எந்த ஊரிலிருந்து சென்றார் என்பது தெரிந்தால் 1918ஆம் ஆண்டின் வெளியூர் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். படையில் இருந்தவர்கள் தேர்தலில் வாக்களிப்பதற்காகத் தயாரித்த பட்டியல் அது. வீட்டு முகவரிக்கு நேரே படை எண், பதவி, பிரிவு எல்லாம் அச்சாகியிருக்கும். பதக்க அட்டையில் கிடைக்காத கம்பெனியின் பெயர் எனக்கு ஒருமுறை இந்தப் பட்டியலில்தான் கிடைத்தது.

பிறகு நான் கைக்கொள்ளும் ஒரு முறை இருக்கிறது. இதைப் பொறுமையாகச் செய்தால் பலன் உண்டு. ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் படையில் சேர்ந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்களே கிடைத்தன. உங்கள் பாட்டனாரின் கோப்பு எரிந்திருக்கலாம். ஆனால் அன்று அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவருடைய கோப்போ, பின்னால் நின்றவருடைய கோப்போ எரியாமல் இருக்கலாம். பழைய எண் தெரிந்தவுடன், அதற்கு மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து எண்களை டபிள்யூ.ஓ. 363இல் தேடுங்கள். அவர்கள் எந்த வாரம் சேர்ந்தார்கள், இங்கிலாந்தில் ராணுவ ரயில்வேப் பயிற்சி முகாம் இருந்த லாங்மூருக்குப் போனார்களா, எந்தத் தேதியில் கப்பல் ஏறினார்கள், எந்தக் கம்பெனியில் இறக்கப்பட்டார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒன்றுபோல இருந்தால், உங்களவருடைய தொடக்க நாட்களும் அநேகமாக அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் இதை ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள். உறுதிப்பட்ட செய்தியோடு கலந்துவிடக் கூடாது.

கம்பெனி தெரிந்துவிட்டால் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் உள்ள போர் நாட்குறிப்புகளுக்குப் போகலாம். இடம், தேதி, நேரம், நிகழ்வு என்று கட்டம் போட்ட படிவத்தில் அதிகாரிகள் பென்சிலால் எழுதியவை அவை. காலாட்படைக்கு இருப்பது போல ரயில்வே கம்பெனிகளுக்கு விரிவான நாட்குறிப்புகளை எதிர்பார்க்க முடியாது. சிப்பாய்களின் பெயரும் அநேகமாக வராது. எத்தனை ரயில் ஓடியது, எந்தப் பாதை குண்டில் சிதைந்தது, எத்தனை மணி நேரத்தில் சீராக்கினார்கள் என்பன வரும். ஓட்டுநரான உங்களுக்கு அந்த வறண்ட வரிகளே போதும் என்று நம்புகிறேன்.

கடைசியாக, அவர் இந்தியாவுக்கு வந்த பகுதி. தென்னிந்திய ரயில்வே அப்போது லண்டனில் பதிவான நிறுவனமாக இருந்தது. பிரிட்டனிலிருந்து இந்திய ரயில்வேக்களுக்கு ஆள் எடுத்த ஒப்பந்தங்கள் சில, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்திய அலுவலகப் பதிவுகளில், அதாவது இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறையின் ஆவணங்களில், உள்ளன. முன்பு எங்கே வேலை பார்த்தார் என்பதை அங்கிருந்து பின்னோக்கியும் பிடிக்கலாம்.

---

மீட்டர்கேஜ் எழுதியது:

இந்த இழையைப் படித்தபோது இன்னொரு கூட்டத்தாரின் நினைவு வந்ததால் எழுதுகிறேன். பிரான்சில் ஓட்டியவர்களுக்கு எரிந்த கோப்பாவது இருக்கிறது. மெசபடோமியாவிலும் (இன்றைய ஈராக்) கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ராணுவ ரயில் பாதை போட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அதுவும் அரிது.

1914 நவம்பரில் பாஸ்ரா பிடிபட்டபோது அங்கிருந்து வடக்கே செல்ல ரயில் பாதை கிடையாது. எல்லாமே டைகிரிஸ் ஆற்றுப் படகுகளை நம்பியிருந்தன. அந்த ஆற்றங்கரையில் உள்ள கூட் நகரில் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை 1916 ஏப்ரலில் சரணடைந்ததற்கு, மீட்புப் படைக்கு வேண்டியதைக் கொண்டுசேர்க்கப் போக்குவரத்து வசதி இல்லாததும் ஒரு முக்கியக் காரணம். அதன் பிறகே தண்டவாளம் வேகமாக முளைத்தது. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) எஞ்சின்களும் வேகன்களும் தண்டவாளங்களும் இந்தியாவிலிருந்து கப்பலில் போயின. நம் நாட்டில் ஓடிக்கொண்டிருந்த கிளைப்பாதைகள் சிலவற்றை இதற்காகவே பெயர்த்தெடுத்தார்கள். ஆப்பிரிக்காவில், இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸைச் சேர்ந்த 25, 26ஆம் ரயில்வே கம்பெனிகள் இன்றைய கென்யாவில் உள்ள வோய் என்ற ஊரிலிருந்து மேற்கே தண்ணீரில்லாத புதர்க்காட்டில் பாதை போட்டன.

இந்தச் சிப்பாய்களின் பெயர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பாருங்கள். 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூர எழுப்பிய சின்னம் அது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டுமே பொறிக்கப்பட்டன. இதை எத்தனை முறை படித்தாலும் என்னால் அமைதியாகக் கடந்துபோக முடியவில்லை. பெயர் தெரியாததால் அப்படிச் செய்யவில்லை. பெயர்கள் காகிதத்தில் இருந்தன. இப்போது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர்களைத் தேட முடிகிறது.

பஞ்சாபிலிருந்து சென்றவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. ஊர்வாரியாக எழுதப்பட்டு லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் தெரியவந்து, 2021 முதல் இணையத்தில் ஏறிவருகின்றன. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளைத் தேடுவோர் தில்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தையும், அதன் அபிலேக் படல் தளத்தையும் பார்க்கலாம்.

---

பிரம்மபுத்திரா எழுதியது:

கோப்பு எரிந்த கதை இங்கிலாந்தோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் நம் அசாமிலேயே அமெரிக்கச் சிப்பாய்கள் ரயில் ஓட்டினார்கள். சீனாவுக்கும் பர்மா முனைக்கும் செல்ல வேண்டிய பண்டங்கள் பெங்கால் அசாம் ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையில் தேங்கியதால், 1944 மார்ச் 1 முதல் பீகாரின் கட்டிஹாரிலிருந்து அசாமின் லேடோ வரையிலான 804 மைல் வலையமைப்பை அமெரிக்க ராணுவ ரயில்வேப் பிரிவு ஏற்றுக்கொண்டது. பட்டாலியன்களில் பெரும்பாலோர் அமெரிக்க ரயில் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். இந்திய ஊழியர்களும் தொடர்ந்து அவர்களோடு வேலை செய்தார்கள். பிரம்மபுத்திராவின் குறுக்கே அப்போது பாலம் இல்லாததால் அமின்காவுக்கும் பாண்டுவுக்கும் இடையே வேகன்கள் படகில்தான் கடந்தன.

அந்த வீரர்களின் பணிக் கோப்புகள் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்தன. 1973 ஜூலை 12 அன்று அங்கே ஏற்பட்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 முடிய தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போய்விட்டது. அங்கேயும் ஆய்வாளர்கள் பக்கவழியில்தான் நுழைகிறார்கள்: கடைசிச் சம்பளப் பட்டியல், கம்பெனியின் அன்றாட வருகை அறிக்கை ஆகியவை தப்பியிருக்கின்றன. யார் விடுப்பில் போனார், யார் மருத்துவமனையில் சேர்ந்தார் என்பது அந்த வருகை அறிக்கையில் தினமும் ஏறும். உங்கள் பணிப்பதிவேட்டுக்கு மிக நெருங்கிய காகிதம் அதுவே.

---

பொன்மலை ஓய்வாளர் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு, கிடைத்தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பதக்க அட்டவணை அட்டை கிடைத்தது. அதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அவருடைய பணிக் கோப்பு எரிந்தவற்றோடு போய்விட்டது. ஓய்வூதிய அட்டைகளிலும் பெயர் இல்லை. தண்டவாளத் தோழி சொன்னபடி பழைய எண்ணுக்கு மேலும் கீழுமாகத் தேடினோம். அந்த வீட்டுப் பேத்தி கணினியில் தட்டத் தட்ட நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினெட்டு எண்களில் இரண்டு பேரின் கோப்புகள் தப்பியிருக்கின்றன. இருவருமே 1917ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள்; இருவருமே ஃபயர்மேன்கள்; இருவருமே லாங்மூருக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ரயில்வே ஆப்பரேட்டிங் டிவிஷனுக்குப் போயிருக்கிறார்கள். ஒருவருடைய தாளில், எஞ்சின் ஓட்டும் திறமையைச் சோதித்துத் தரம் எழுதியிருக்கிறார்கள். நானும் என் காலத்தில் அப்படி ஒரு சோதனைக்குப் போய், ஷெட் வாசலில் கைகால் நடுங்க நின்றவன். அந்தத் தாளின் மேல்பாதி கருகியிருக்கிறது. தரம் எழுதிய வரி மட்டும் தெளிவாக இருக்கிறது.

புகைப்படத்தில் சக்கரங்களை எண்ணினேன். முன்னால் ஒரு சிறு சக்கரம், அடுத்து நான்கு பெரிய சக்கரங்கள், ஒரு பக்கத்தில். ராபின்சன் எஞ்சினாகவே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் உறுதியானவை ஒரு தாளிலும் ஊகம் இன்னொரு தாளிலுமாகப் பிரித்து எழுதி, மூத்த அம்மையாரிடம் படித்துக் காட்டினேன். லாங்மூர் என்ற பெயரைக் கேட்டவுடன் நிறுத்தச் சொன்னார். தம் தந்தையார் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயரைச் சொல்வது உண்டு என்றும், அது ஏதோ ஒரு நண்பரின் பெயர் என்றே இத்தனை காலம் நினைத்திருந்ததாகவும் சொன்னார். அந்த வரியை ஊகத் தாளிலிருந்து எடுத்து மற்றதில் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்த்துவிட்டேன்.

அடுத்து, இந்திய அலுவலகப் பதிவுகளைத் தேட விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.